ரீப்ளே வந்தது யாருக்காக?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா வந்த பிறகு பேஸ்பால் பார்க்கப் பழகியவன் நான். 2010இல் அம்பயர் ஜிம் ஜாய்ஸின் தவறான தீர்ப்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) கலாராகாவின் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் 27 பேரையும் வரிசையாக அவுட்டாக்குவது) பறிபோனதையும், மறுநாள் இருவரும் நடந்துகொண்ட விதத்தையும் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றும் இன்றைய ரீப்ளே அன்று இருந்திருந்தால் அந்தக் கதையே நமக்குக் கிடைத்திருக்காது. தவறும் ஆட்டத்தில் ஒரு பகுதிதானே? அம்பயர் சொன்னால் சொன்னதுதான் என்றிருந்த காலம் எவ்வளவு நன்றாக இருந்தது! இப்போது வீசிய பந்து பேட்டருக்கான எல்லைக்கு வெளியே போன பாலா, உள்ளே வந்த ஸ்ட்ரைக்கா என்பதையும் கேமராவிடம் கேட்கிறார்கள். இது எங்கே போய் முடியும்?

க., நியூ ஜெர்சி

அன்புள்ள க.,

அந்த மறுநாள் என்னையும் ஆழமாகத் தொட்டதுதான். ஆனால் அதை வைத்து ரீப்ளே வேண்டாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். ஆர்மாண்டோ கலாராகா 26 பேட்டர்களை வரிசையாக அவுட்டாக்கியிருந்தார். 27ஆவதாக வந்த ஜேசன் டொனால்ட் தரையோடு அடித்த பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து வீச, கலாராகா ஓடிவந்து ஃபர்ஸ்ட் பேஸில் (பேட்டர் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடம்) காலை வைத்துப் பிடித்துவிட்டார். டொனால்டின் கால் அதற்குப் பிறகுதான் பேஸைத் தொட்டது, அதாவது அவுட். ஆனால் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்து சேஃப் (அவுட் இல்லை) என்றார். பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகின் அத்தனை ஆண்டு வரலாற்றில் அதற்கு முன் நடந்த பெர்ஃபெக்ட் கேம்கள் 20 மட்டுமே. டிவி பார்த்தவர்களுக்கெல்லாம் சில நொடிகளில் உண்மை தெரிந்துவிட்டது. மைதானத்தில் முடிவு சொல்ல வேண்டிய அந்த ஒருவருக்குத்தான் தெரியவில்லை. 2008இல் வந்த ரீப்ளே ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) சந்தேகங்களுக்கு மட்டுமே என்பதால், அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஆட்டம் முடிந்து படத்தைப் பார்த்த ஜாய்ஸ் உடைந்துபோய், கலாராகாவிடம் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். மறுநாள் கலாராகா அணிப் பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தபோது ஜாய்ஸின் கண்கள் மறுபடி நிறைந்தன.

இதில் பெரிதாகத் தெரிவது அந்த இருவரின் பண்பு. தவறு நடக்காமல் இருந்திருந்தாலும் அவர்கள் அதே பண்புள்ளவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நாம் நெகிழ்ந்து பார்க்க ஒரு காட்சி வேண்டும் என்பதற்காக ஒரு பிட்சரின் வாழ்நாள் சாதனை பறிபோகலாம் என்று எப்படிச் சொல்வது?

ஜாய்ஸ் சாதாரண அம்பயர் இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வீரர்களிடம் நடத்திய கருத்துக் கணிப்பில் சிறந்த அம்பயராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கும் அம்பயர் கண்ணை ரன்னரின் காலில் வைத்துக்கொண்டு, கையுறையில் பந்து விழும் சத்தத்தைக் காதால் பிடிக்கிறார். அரங்கமே கத்திக்கொண்டிருக்கும்போது, இமைக்கிற நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டு முடிவு சொல்ல வேண்டும். எத்தனை தேர்ந்தவரானாலும் என்றாவது தவறும்.

சொன்னால் சொன்னதுதான் என்ற விதி அம்பயர்களை என்ன பாடு படுத்தியது என்பதையும் பாருங்கள். மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1985இல், ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், அவுட்டான ஹோர்ஹே ஓர்ட்டாவை அம்பயர் டான் டென்கிங்கர் சேஃப் என்றார். வென்றுகொண்டிருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அந்த ஆட்டத்தையும் தோற்றது, அடுத்ததில் தொடரையும் தோற்றது. டென்கிங்கருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ரீப்ளே மட்டும் இருந்திருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும் விஷயம். 2014இல் விரிவாக வந்த ரீப்ளே வீரர்களைப் போலவே அம்பயர்களையும் காப்பாற்றுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நியூயார்க்கில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பவர்களும் அம்பயர்கள்தான். தெளிவான ஆதாரம் இல்லையென்றால் களத்தில் சொன்ன தீர்ப்பே நிற்கும்.

சரி, ரீப்ளே கெடுத்த இடமே இல்லையா? இருக்கிறது, அதில் எனக்குக் கோபமும் உண்டு. ரன்னர் செகண்ட் பேஸைத் திருட (யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்த பேஸுக்குப் போய்விட) ஓடுகிறார், சறுக்கி வந்து பந்துக்கு முன்பே பேஸைத் தொட்டுவிடுகிறார். வந்த வேகத்தில் உடல் எகிறி, கால் ஒரு விரல்கடை அளவு மேலே எழும்புகிறது. அந்தக் கணத்தில் ஃபீல்டரின் பந்து உள்ள கையுறை அவர் மேல் பட்டுக்கொண்டிருந்தால் அவுட். விதிப்படி சரிதான். ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிக்காகப் பழைய அம்பயர்கள் யாரையும் அவுட் கொடுத்ததில்லை, வீரர்களும் எதிர்பார்த்ததில்லை. இப்போது ரன்னர் சேர்ந்த பிறகும் ஃபீல்டர்கள் கையுறையை எடுக்காமல் அவர் மேல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். பந்தை முந்தி வந்தவனுக்கு இது அநியாயம். இதற்குத் திருத்த வேண்டியது விதியை. முதலில் பேஸைத் தொட்டுவிட்ட ரன்னர், சறுக்கிய வேகத்தில் சற்றே எழும்பினால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அப்புறம், பால், ஸ்ட்ரைக் விஷயம். கொரிய லீக் 2024இலேயே எல்லாப் பந்துகளையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டது. மேஜர் லீக் அவ்வளவு தூரம் போகவில்லை. 2026 பருவத்திலிருந்து, அம்பயரின் தீர்ப்பை எதிர்த்துக் கேட்க ஓர் ஆட்டத்தில் அணிக்கு இரண்டு சேலஞ்ச், கேட்டது சரியாக இருந்தால் அது கையிலேயே இருக்கும். பிட்சர், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), பேட்டர் மூவரில் ஒருவர்தான், டக்அவுட்டை (அணியினர் உட்காரும் இடம்) திரும்பிப் பார்க்காமல், உடனே தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்டிக் கேட்க வேண்டும். பதில் சொல்வது எல்பிடபிள்யூவில் நாம் பார்த்துப் பழகிய அதே ஹாக்-ஐ.

எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. மற்ற பந்துகளெல்லாம் அம்பயர் கையிலேயே இருக்கின்றன. ஓரத்தில் வந்த பந்தை ஸ்ட்ரைக்காகத் தெரியும்படி பிடித்து அழகாக நிறுத்திக் காட்டும் கேட்சரின் திறமைக்கும் இடம் இருக்கிறது. கொரியாவைப் போல எல்லாவற்றையும் இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்று மேஜர் லீகில் பேச்சு வந்தால், அன்று நான் உங்கள் பக்கம் நின்று எழுதுவேன்.