செனகல் நாட்டு பாப் இசையில் பாரம்பரியம் என்று உண்மையில் ஏதாவது இருக்கிறதா, இல்லை கிட்டார், கீபோர்டு மட்டும்தானா?

கேள்வி கேட்டவர் செனகல் பாடகர் யூசு என்டூர் 1994இல் பாடகி நெனே செர்ரியோடு பாடிய 'செவன் செகண்ட்ஸ்' பாட்டை மட்டும் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அதை மட்டும் கேட்டவருக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. செனகல் தலைநகர் டக்கார் போய் இறங்கிய புதிதில் இதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் சத்தமாக.

மூன்று வருடம் அங்கே ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரிக்கல் பராமரிப்பு வேலை பார்த்தேன். ஆறு வருடம் மிருதங்கம் படித்தவன் என்பதால் தாளம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. டாக்சியில், கடையில், எங்கே போனாலும் எம்பலாக்ஸ் என்ற அவர்கள் பாப் இசைதான் ஓடும் (அவர்கள் வாயில் அது கிட்டத்தட்ட 'ம்பலாஹ்'). எனக்கு அது கீபோர்டும் டிரம்ஸும் ஒன்றோடொன்று மோதுகிற இரைச்சலாகத்தான் கேட்டது.

ஒரு சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு எங்கள் தெருவை அடைத்துப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட். சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று இறங்கிப் போனேன். எங்கள் கம்பெனி ஓட்டுநரும் அங்கே இருந்தார். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டார். தன்னபேர் என்பார்கள், இரவில் தெருவில் நடக்கும் சபார் ஆட்டம். சபார் என்பது மேளத்துக்கும் பெயர், அந்த ஆட்டத்துக்கும் பெயர். ஆட்டுத்தோல் கட்டிய மேளங்கள், உயரமாகவும் குட்டையாகவும் ஏழெட்டு. ஒரு கையில் மெல்லிய குச்சி, இன்னொரு கை வெறுங்கை. சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி சட்டென்று எழுந்து மேளக்காரர்கள் முன்னால் பாய்ந்து ஆடுவாள், அரை நிமிடம்கூட இருக்காது. தலைமை மேளக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தார். கால் போகிற இடத்துக்கு அடி போய் விழுந்தது.

ஓட்டுநர் என்னைக் கைதட்டச் சொன்னார். தட்டினேன். பக்கத்தில் இருந்த ஏழு வயதுப் பெண் குழந்தை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சரியான இடத்தில் தட்டிக் காட்டியது. ஆறு வருடப் படிப்புக்கு அப்புறமும் சமம், அதாவது தாளம் தொடங்கும் அடி, எங்கே விழுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்று விடிய இரண்டு மணிவரை அங்கேயே இருந்தேன்.

அப்புறம் அந்த ஓட்டுநரே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். எம்பலாக்ஸ் என்ற சொல்லே அங்கே பேசும் வோலோஃப் மொழியில் சபார் குழுவின் அடிப்படைத் தாளத்தைக் குறிப்பது. 'எம்பெங் எம்பெங்' என்ற நடுத்தர மேளம் விடாமல் வாசிக்கும் பகுதி அது. அந்தப் பெயரைத்தான் பாப் இசைக்கு வைத்தார்கள். நம் சொற்கட்டு போல அவர்களுக்கும் வாயால் சொல்லும் அடிகள் உண்டு: ருவன், கின், டான். இவற்றை வைத்து வாக்கியம் மாதிரிக் கட்டுவதற்கு 'பக்' என்று பெயர். முன்பு பேச்சையே மேளத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, கிட்டார் பாட்டுக்கு மேளத்தை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளவில்லை. மேளம் ஏற்கெனவே இருந்தது, கிட்டார்தான் வந்து அதற்கு வளைந்து கொடுத்தது. 1980களில் கீபோர்டில் மரிம்பா ஒலியை வைத்து வாசித்ததும் அந்த மேள அடியைத்தான். உடுக்கை போல இடை சிறுத்த 'தாமா'வை அக்குளில் இடுக்கி அழுத்தி அழுத்திப் பேசவைப்பார்கள். அதை அசான் தியாம் யூசு என்டூரின் குழுவில் முன்வரிசைக்கே கொண்டுவந்துவிட்டார்.

"கியூபா இசையை மறைக்கிறாயே" என்று ஒருவர் வருவார், தெரியும். மறைக்கவில்லை. 1960இல் விடுதலை கிடைத்தபோது டக்கார் இரவு விடுதிகளில் ஓடியது கியூபா இசைதான், ஸ்பானிஷ் தெரியாமலே ஸ்பானிஷில் பாடினார்கள். 1970இல் தொடங்கிய ஆர்க்கெஸ்ட்ரா பாவோபாப் என்ற இசைக்குழு அந்த மரபில் வந்தது, இன்றைக்கும் எனக்கு உயிர். ஆனால் அவர்களே லாயே எம்பூப் என்ற கிரியோவை அழைத்துவந்து வோலோஃபில் பாடவைத்தார்கள். பத்து வருடத்துக்குள் சபார் மேடையின் நடுவுக்கு வந்துவிட்டது.

கிரியோ என்றால் பரம்பரைப் பாடகர், மேளக்காரர். வோலோஃபில் கெவெல். பெயர் சூட்டும் விழாவில் குடும்பத்தின் வம்சாவளியைப் பாடுபவர்கள் அவர்கள்தான். இதை வெறும் பெருமையாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அது ஒரு சாதி. மற்றவர்கள் அவர்களுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஒரு காலத்தில் அவர்களை மண்ணில் புதைக்காமல் பாவோபாப் மரப்பொந்தில் வைத்த வழக்கமும் இருந்தது. யூசு என்டூரின் அம்மா வழி கிரியோ வழி, மெக்கானிக்கான அப்பாவுக்கு மகன் பாடப்போவதில் விருப்பமே இல்லை. வடக்கே போடோரில் பாபா மாலின் கதை நேர்மாறு. மீனவக் குடும்பத்துப் பிள்ளை, கிரியோ நண்பர் மன்சூர் செக்கோடு சேர்ந்து பாடகரானார்.

ஊர் திரும்பும்போது ஒரு சிறிய சபார் வாங்கிவந்தேன். விமான நிறுவனம் 'உடையக்கூடியது' என்று ஒட்டிய பெட்டியைத் தூக்கி எறிந்து தோலைக் கிழித்துவிட்டது. படிவம், புகைப்படம், ரசீது என்று நான்கு மாதம் மின்னஞ்சல் போட்டேன். கடைசியில் "இசைக்கருவிக்குப் பொறுப்பில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்படியானால் கவுன்ட்டரில் எதற்குக் கூடுதல் பணம் வாங்கினார்கள்? இன்றுவரை பதில் இல்லை. கருவி எடுத்துவருபவர்கள் தயவுசெய்து கையிலேயே எடுத்து வாருங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் டூடூ என்டியாய் ரோஸ். 2015இல் காலமான மேள மேதை. நூறு மேளக்காரர்களை ஒரே ஆளாக நடத்தியவர், பெண்கள் மட்டுமே வாசிக்கும் குழுவையும் அமைத்தவர். பாட்டே இல்லாமல் மேளத்தை மட்டும் ஒரு வாரம் கேளுங்கள். பிறகு 1970களின் கடைசியில் வந்த எத்துவால் தே டக்கார் குழுவின் பதிவுகளுக்குப் போங்கள். பாடுவது இளவயது யூசு என்டூர். முதல் தடவை அவர் குரலை விட்டுவிட்டு, தாமா எந்த இடத்தில் குறுக்கே பேசுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். கைதட்டியும் பாருங்கள். சமம் பிடிபட்டால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், அந்த ஓட்டுநருக்கு நான் வாட்ஸாப்பில் அனுப்புகிறேன்.