திரு இருதயப் படத்தைத் திருப்பி வைத்தவள்

கேள்வி: எனக்கு 47 வயது. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போய்விட்டது. தினமும் காலைப் பூசைக்குப் போகிறேன். தோழி கொடுத்த ஜூடித் ஹெர்ன் நாவலைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. என் கதியும் அதுதானா? இந்த வயதில் துணைக்கு ஏங்குவது பக்திக் குறைவா?
(பெயர் வேண்டாம்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். இல்லை, சகோதரி. மனிதன் தனியாக இருப்பது நல்லதில்லை என்று பைபிளின் தொடக்கநூலில் கடவுளே சொல்கிறார். அதுவும் ஏதேன் தோட்டத்தில், பாவம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே.

சரி, நாவலுக்கு வருவோம். பிரையன் மூர் 1955-இல் எழுதியது, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் நடக்கும் கதை. நாற்பதைத் தாண்டிய ஜூடித், பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறாள். புதிதாக ஒரு வாடகை அறைக்குப் போனதும் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பது இரண்டு படங்கள்: இறந்துபோன அத்தை, இயேசுவின் திரு இருதயம். மது குடிக்க உட்காரும்போது அந்தப் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். இதைவிட என்னை உலுக்கியது அவளுடைய செருப்பு. அதிலுள்ள குட்டிப் பொத்தான்கள் தன்னைப் பார்த்துக் கண்சிமிட்டும் சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொள்கிறாள். பேச்சுத்துணைக்குச் செருப்புப் பொத்தான்!

அமெரிக்காவிலிருந்து திரும்பிய மேடன், இவளிடம் காசு இருக்கும் என்று நம்பிப் பழகுகிறான். இவளோ கல்யாணம்வரை மனதுக்குள் போய்விடுகிறாள். அவளை அழித்தது அந்த ஆசைதான் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தெரிந்த குடும்பமான ஓ'நீல் வீட்டுக்குப் போவாள், சிரிப்பாள், கதை சொல்வாள். ஒரு வார்த்தை உண்மை வெளியே வராது. பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியாருக்குக் காது கொடுக்கப் பொறுமையில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கொட்டுவது திருமதி ஓ'நீலிடம். அதுவும் குடிபோதையில், "உன்னை எனக்குப் பிடித்ததே இல்லை" என்பதோடு சேர்த்து. அந்தம்மா கோபித்துக்கொள்வதில்லை, உட்கார்ந்து கேட்கிறார். இத்தனை வருடமாகக் கேட்டிருக்கக்கூடியவர்தான்.

உங்கள் கடிதத்தில் பாட்டில் இல்லை, மேடனும் இல்லை. ஆனால் பெயர் போடாமல், முன்பின் பார்க்காத எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது "நல்லா இருந்தது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தூக்கம் வராததைச் சொல்லுங்கள். அப்புறம், இத்தனை நாவல்கள் இருக்க இதை ஏன் தேடிக் கொடுத்தார் என்று கேளுங்கள். அவரும் காரணத்தோடுதான் கொடுத்திருப்பார் என்று தோன்றுகிறது.