சங்கத்துத் திறப்பு யாருடைய லாச்சியில்?

வாசகர் கேள்வி – பதில்: ஊர்ச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்களின் நிர்வாகம் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களுக்கு, அந்தத் துறையில் பழகியவர்கள் தரும் பதில்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் 9 வருடமாக நான்தான் செயலாளர். வாசிகசாலை திறப்பது, முன்பள்ளி ஆசிரியையின் கொடுப்பனவு, பிரதேச சபைக் கடிதங்கள், மைதானத்துப் புல் வெட்டுவிப்பது எல்லாம் என் தலையில். பொதுக்கூட்டத்தில் "நீங்களே இருங்கோ" என்று கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெளிநாட்டு நண்பர் ஒருவர் இதுதான் "சேவகத் தலைமைத்துவம்" என்று புகழ்கிறார். அப்படித்தானா?
– ஒரு செயலாளர், கரவெட்டி

பதில்: நண்பர் அன்பில் சொல்கிறார், ஆனால் நீங்கள் செய்வது அதுவல்ல. சேவகத் தலைமைத்துவம் என்பது மற்றவர்களுக்குச் சேவை செய்வதையே முதலாகக் கொண்ட தலைமை. இந்தச் சொல்லை 1970இல் எழுதிய கட்டுரையொன்றால் பரவச் செய்தவர் ரொபர்ட் கிரீன்லீஃப். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்றில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவர். தலைவர் எவ்வளவு களைத்தார் என்பதை அவர் அளக்கவில்லை. சேவை பெற்றவர்கள் வளர்ந்தார்களா, தாங்களும் பிறருக்குச் செய்யக்கூடியவர்களாக மாறினார்களா, ஊரில் ஆகக் கீழே இருப்பவருக்கு நன்மை வந்ததா, குறைந்தபட்சம் இருந்ததும் பறிபோகாமல் இருந்ததா என்றுதான் கேட்டார். உங்கள் ஊரில் உங்களைத் தவிர வேறு யாருக்காவது பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியுமா? தெரியாவிட்டால், இந்த 9 வருடத்தில் வளர்ந்தது நீங்கள் ஒருவர்தான்.

கையளிப்பதை இப்படித் தொடங்கலாம். ஒரு மாதத்துக்குச் செய்யும் வேலையையெல்லாம் ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். பத்திரிகைக்காரருக்குக் காசு கொடுத்தது, திறப்பைத் தேடியது எல்லாம் வரட்டும். 30, 40 வரி வந்துவிடும். அதில் ஐந்தாறை எடுத்து வெவ்வேறு ஆட்களிடம் கொடுங்கள். கொடுக்கும்போது முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அநேகமான சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். "தம்பி, பேப்பர் வந்திட்டுதா பார்" என்றால் அது ஏவல். "மாதம் பத்திரிகைக்கு இவ்வளவு காசு, எவற்றை எடுப்பது என்று நீயே வாசகர்களைக் கேட்டு முடிவெடு, பற்றுச்சீட்டைப் பொருளாளரிடம் கொடு" என்றால் அது பொறுப்பு.

முதல் மாதம் அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், இரண்டாம் மாதம் இருவரும் சேர்ந்து செய்யுங்கள், மூன்றாம் மாதம் அவர் செய்ய நீங்கள் பேசாமல் இருங்கள். இந்த மூன்றாவதுதான் கடினம். அவர் எழுதிய கடிதத்தில் ஒரு ஒற்றெழுத்து விடுபட்டிருக்கும். இரவோடிரவாக நீங்கள் அதைத் திருத்தி எழுதினால் அடுத்த முறை அவர் எழுத மாட்டார். எந்தப் பிழையை விடலாம் என்பதற்கு முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றெழுத்து, பிந்திய அழைப்பிதழ், ஒரு நாள் பூட்டிக்கிடந்த வாசிகசாலை போன்றவற்றை விடலாம். காசோலைப் புத்தகத்திலும் முன்பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்பிலும் விட முடியாது.

அடுத்தது கையளிப்புக் கொப்பி. வங்கிக் கணக்கு இலக்கம், கையொப்பமிடுவோர் விபரம், பதிவுக் கடிதம், யாப்பின் (சங்க விதிகளின்) பிரதி, கூட்டறிக்கைப் புத்தகங்கள் இருக்கும் இடம், கதிரை, மேசை, ஒலிபெருக்கி என்று தளபாடங்களின் எண்ணிக்கை, எந்தத் திறப்பு யாரிடம் என்பவை அதில் வேண்டும். ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு திறப்பு, இரண்டும் இரு வீட்டில். செயலாளர் கொழும்புக்குப் போன கிழமை அலுமாரி திறக்க முடியாமல் விண்ணப்ப முடிவுத் திகதி தவறுவது நம் ஊர்களில் புதினமில்லை.

ஒரு பதவியில் தொடர்ந்து எத்தனை வருடம் இருக்கலாம் என்று உங்கள் யாப்பு சொல்கிறதா பாருங்கள். சொல்லாவிட்டால் திருத்தம் கொண்டுவாருங்கள். எத்தனை நாள் முன்னறிவித்தல், எத்தனை பேர் ஆதரவு வேண்டும் என்பது அந்த யாப்பிலேயே இருக்கும். அதன்படி செய்யாத திருத்தத்தை எவரும் பின்னர் கேள்விக்குட்படுத்தலாம்.

கேள்வி: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வருபவர்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள். ஆனால் கதைப்பது அதே நாலு ஆண்கள். "அம்மாமார் சொல்லுங்கோ" என்று கேட்டாலும் சிரித்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். வேறு சில குடும்பங்கள் வருவதேயில்லை.
– நிர்வாகசபை உறுப்பினர், சண்டிலிப்பாய்

பதில்: வராதவர்களிலிருந்து தொடங்குவோம். கூட்டம் எங்கே நடக்கிறது? கோயில் மடத்தில் என்றால் பாதி விடை அதில் இருக்கிறது. செத்த வீட்டுத் துடக்கில் இருக்கும் குடும்பம் 31 நாள் வராது. மாதவிலக்கு நாளில் பெண் வரமாட்டாள், காரணமும் சொல்லமாட்டாள். கிறிஸ்தவக் குடும்பம் தயங்கும். உள்ளே விடப்படாத காலத்தை மறக்காத சாதியார் படலையோடு நின்றுவிடுவார்கள். யாரையும் யாரும் தடுக்கவில்லை, இடமே தடுத்துவிட்டது. கூட்டத்தை முன்பள்ளிக்கோ பொதுநோக்கு மண்டபத்துக்கோ மாற்றுங்கள். தேத்தண்ணி எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் போகிறதா என்றும் பாருங்கள். சிலருக்கு மட்டும் கடதாசிக் கோப்பை நீளும் கூட்டத்தில் "அனைவரையும் உள்வாங்குதல்" பற்றித் தீர்மானம் போடுவது வெறும் பகிடி.

நேரமும் அப்படித்தான். பின்னேரம் 6 மணி என்பது விளக்கேற்றி, இராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டி, ரியூசன் விட்டு வரும் பிள்ளையைப் பார்க்கும் நேரம். எந்த நேரம் வசதி என்று பெண்களிடம் கேட்டு வையுங்கள். எப்போது முடியும் என்பதையும் அறிவித்தலில் எழுதுங்கள். எழுதிய நேரத்துக்கு முடியுங்கள்.

இனிக் கதைப்பது. மேசைக்கு எதிரே வரிசையாகக் கதிரை போட்டால் முன்வரிசை கதைக்கும், பின்வரிசை கேட்கும். வட்டமாகப் போடுங்கள். கதிரை போதாவிட்டால் எல்லோரும் பாயில் இருங்கள், ஆண்களுக்குக் கதிரையும் பெண்களுக்குப் பாயும் வேண்டாம். ஒரு விடயத்தை அறிவித்தவுடன் கருத்துக் கேட்காமல், பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் கதைக்க விடுங்கள். பிறகு "நீங்கள் இருவரும் என்ன கதைத்தீர்கள்" என்று வரிசையாகக் கேட்டால் சிரிப்புக்குப் பதிலாகச் சொல் வரும். தலைவர் தன் கருத்தைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். முதலில் சொன்னால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள். பிணக்கான தெரிவுகளுக்குக் கைதூக்கல் வேண்டாம். ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு மூடிய பெட்டி, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, மறைவாகப் போடட்டும்.

கூட்டறிக்கையையும் கவனியுங்கள். ஒரு பெண் "வாய்க்காலைத் துப்புரவாக்கினால் தண்ணி நிக்காது" என்பார், யாரும் காதில் வாங்கார். பத்து நிமிடம் கழித்து ஓர் ஆண் அதையே சொல்வார், அவர் பெயரில் முன்மொழிவு ஏறும். முதலில் சொன்னவர் பெயரே ஏறவேண்டும் என்று செயலாளருக்குச் சொல்லிவையுங்கள். அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும்போது தன் பெயரைக் கேட்டவர் பிறகு மௌனமாக இருப்பது குறைவு.

கேள்வி: சக்கர நாற்காலியில் வரும் உறுப்பினருக்காக மண்டபத்துக்குச் சாய்வுப் பாதை போட்டோம். அவரால் தனியே ஏற முடியவில்லை. என்ன பிழை?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: சரிவு கூடிவிட்டது. உயரம் 1 என்றால் நீளம் 12 இருக்க வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அங்குலம், அதற்குப் பாதை 18 அடி. நம்மவர்கள் இடமில்லை என்று 6 அடியில் முடித்துவிடுகிறார்கள், பின்னால் இருவர் தள்ள வேண்டியதாகிறது. நேரே இடமில்லாவிட்டால் சுவரோடு திருப்பிப் போடலாம், திரும்பும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதரை விடுங்கள். அகலம் 3 அடிக்குக் குறையக்கூடாது. இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். வழுக்கும் மாபிள் வேண்டாம், சொரசொரப்பான சீமெந்து போதும். கேற்றிலிருந்து பாதை வரை மணல் என்றால் முன்சில்லுகள் புதையும், அங்கேயும் சீமெந்து வேண்டும். கொங்கிறீற் போடமுன் பலகை வைத்து அந்த உறுப்பினரையே ஏறிப்பார்க்கச் சொல்லியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும். கட்டடக் குழுவில் அவர் இருக்கிறாரா?

கேள்வி: வெளிநாட்டுக் கிளை அனுப்பும் உலருணவுப் பொதியைக் கொடுக்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். வாங்குபவர்கள் முகம் கூசுகிறார்கள்.
– ஒரு வாசகி, உடுவில்

பதில்: அவர்களுக்கு வேண்டியது காசு போய்ச் சேர்ந்தது என்ற ஆதாரம். அதற்கு முகம் தேவையில்லை. கடைப் பற்றுச்சீட்டு, பொதிகளை அடுக்கிவைத்த படம், ஒரு பொதியில் இருந்த பொருட்களின் நிறை, மொத்த எண்ணிக்கை, கையொப்பப் பட்டியல் சங்கத்தில் உள்ளது என்ற கடிதம் ஆகியவற்றை 30 நாளுக்குள் நீங்களாகவே அனுப்புங்கள். கேட்கமுன் கணக்குப் போனால் படம் கேட்பது தானாகக் குறையும். மேடை போட்டுப் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பதையும் விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கேள்வி: கலைப்பட்டதாரி. தொண்டு நிறுவனமொன்றில் கள உத்தியோகத்தர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. இதைத் தொழிலாகக் கொள்ளலாமா? அமெரிக்கச் சங்க முகாமைத்துவச் சான்றிதழ் ஒன்று இருக்கிறதாமே?
– ஒரு பட்டதாரி, கொக்குவில்

பதில்: அமெரிக்காவில் சங்கங்களை நிர்வகிப்பதே தனித் தொழில், அதற்குச் சீ.ஏ.ஈ. என்ற சான்றிதழும் உண்டு. இங்கே வேலை தொடங்குபவர் அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. எக்செல், மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம், கதைக்கும் அளவுக்குச் சிங்களம், ஒரு கூட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதும் பழக்கம் ஆகியவை முதலில் உதவும்.

நேர்முகத்தில் நீங்களும் கேளுங்கள். திட்டம் எப்போது முடிகிறது? நியமனக் கடிதம் தருவார்களா? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8%, அவர்கள் பங்காக 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3% கட்டுகிறார்களா? "தொண்டுதானே" என்று இதைத் தவிர்ப்பது சேவையாகாது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

தலைமையைப் பற்றி அறிய ஒரே கேள்வி: "கடைசியாகக் களத்திலிருந்து வந்த எந்த யோசனையால் திட்டத்தை மாற்றினீர்கள்?" உதாரணம் உடனே வந்தால் சேருங்கள்.

கேள்வி: தலைவர் அடிக்கடி வெளியூர் போவதால் வெற்றுக் காசோலைகளில் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார். பொருளாளர் நல்ல மனிதர். பிரச்சினை வருமா?
– பெயர் வேண்டாம், வேலணை

பதில்: வரும், அந்த நல்ல மனிதருக்கே வரும். ஒரு கணக்குப் பிசகினால் அவர் குற்றமற்றவர் என்று காட்ட வழியில்லை. அந்தக் காசோலைகளில் குறுக்கே கோடிட்டு "இரத்து" என்று எழுதி அடிக்கட்டையோடு வைத்திருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவராவது இருவர் கையொப்பமிடலாம் என்று தீர்மானம் எடுத்து, அந்தக் கூட்டறிக்கைப் பிரதியுடன் வங்கிக்குப் போங்கள். மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. கனடா போய்விட்டவரின் பெயர் இன்னும் வங்கியில் கிடக்கிறதா என்றும் அன்றே பாருங்கள்.

அவசரத்துக்குச் சில்லறைக் காசு 10,000 ரூபாய் வைத்திருக்கலாம். 7,400 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு இருந்தால் பெட்டியில் 2,600 இருக்க வேண்டும். அந்த 7,400ஐத்தான் திரும்ப நிரப்ப வேண்டும், ஒரு சதமும் கூட வேண்டாம்.