பத்தொன்பது வருட அனுபவமும் ஒரு முதுகலைப் பட்டமும்

வணக்கம் டாக்டர்,

நான் பத்தொன்பது வருடங்களாக நர்ஸ். ஆறு வருடங்களாக முப்பது படுக்கை கொண்ட ஒரு வார்டு என் பொறுப்பில். காலை பத்து மணி ரவுண்ட்ஸில் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிடுகிறார்கள். நோயாளி கிளம்ப மாலை ஐந்தாகிறது. அதுவரை அவசர சிகிச்சைப் பிரிவில் அடுத்தவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார். மீட்டிங்கில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை படிக்கலாமா என்று யோசிக்கிறேன். வயது 43. “நோயாளியை விட்டுவிட்டு ஃபைலைக் கட்டிக்கொள்ளப் போகிறாயா?” என்று கூட வேலை செய்பவர்களே கேட்கிறார்கள். நடுவயதில் இதைப் படித்தவர் நீங்கள். பயன் இருந்ததா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சிஸ்டர்,

இருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்துப் போன இடத்தில் இல்லை.

தலைமைப் பண்பு என்ற பெயரில் நடந்த வகுப்புகளில் பாதி எனக்கு ஒட்டவில்லை. கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, நீங்கள் இன்ன வகை ஆள் என்பார்கள். ராத்திரி மூன்று மணிக்கு இரண்டே நர்ஸை வைத்து வார்டை ஓட்டியவருக்கு அதில் என்ன இருக்கிறது?

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கணக்கு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961இல் நிரூபித்த ஒரு விதி: ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார்கள் என்பதால் பெருக்கினால், உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது கிடைத்துவிடும். உங்கள் வார்டுக்குத் தினம் ஆறு பேர் வந்து ஐந்து நாள் தங்கினால் 30 படுக்கையும் நிறைந்துவிடும். இப்போது ஆளுக்கு நான்கு மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள். ஆறு பேருக்கு 24 மணி நேரம். அதாவது ஒரு முழுப் படுக்கை, சுவர் எழுப்பாமல். “டிஸ்சார்ஜ் தாமதமாகிறது” என்று மீட்டிங்கில் சொன்னால் தலையாட்டுவார்கள். “தினமும் ஒரு படுக்கையை வீணாக்குகிறோம்” என்று சொல்லிப் பாருங்கள், கணக்குப் பிரிவுக்காரர் பேனாவை எடுப்பார்.

ஆனால் கணக்கு தெரிந்தால் மட்டும் காரியம் நடந்துவிடாது. அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்தது. எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியிருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் அதைக் கொண்டுவந்த பிறகு, 2014இல் வந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் இல்லை. ஏன் என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. என் கட்சி இதுதான்: பெட்டியில் டிக் அடிக்க உத்தரவு போதும், “ஒரு நிமிஷம் நிறுத்துங்க சார்” என்று ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நர்ஸ் வாய் திறக்க உத்தரவு போதாது. அந்தத் துணிச்சலை உண்டாக்குவது தனித் தொழில்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு மருந்தாளர். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கான மருந்துச் சீட்டெல்லாம் மதியம் ஒன்றரைக்கு மேல்தான் மொத்தமாக வந்து விழுகிறது என்று ஒரு நாள் புலம்பினார். வருடக்கணக்காக அந்தச் சீட்டை ரவுண்ட்ஸ் முடிந்து, சாப்பிடப் போகும் முன் எழுதியவன் நான். மருந்தகம்தான் மெத்தனம் என்று மீட்டிங்கில் கத்தியவனும் நான்தான். பேராசிரியர் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

அதனால் வேலையை விடாமல் படிக்கக்கூடிய, ஆய்வை உங்கள் வார்டிலேயே செய்யவிடுகிற படிப்பாகப் பாருங்கள். வகுப்பில் லேப், பிசியோ, கணக்கு என்று கலந்து ஆள் இருக்கட்டும். 43 அங்கே ஒரு வயதே இல்லை. நோயாளி பார்க்கும் கைப்பழக்கம் விட்டுப்போகும் என்ற பயம் நியாயமானது. எனக்குக் கொஞ்சம் போனது. வாரம் ஒரு நாள் புறநோயாளி பார்ப்பதை வைத்து ஒப்பேற்றுகிறேன்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை. இரண்டு வாரம், ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் நான்கு நேரத்தைக் குறியுங்கள்: முடிவு சொன்னது, சீட்டு எழுதியது, மருந்து வந்தது, படுக்கை காலியானது. நேர்காணலுக்கு அந்த நோட்டோடு போங்கள். அதை வாங்கிப் புரட்டிக்கூடப் பார்க்காத இடத்தில் சேராதீர்கள்.