துளை போடும்போது எலும்பு சூடானால் இம்ப்ளாண்ட் பிடிக்காதா?

கேள்வி: கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளாண்ட் வைக்கப் போகிறேன். எலும்பு ரொம்பக் கெட்டியாக இருப்பதால் நிதானமாகத்தான் துளை போட முடியும் என்கிறார் டாக்டர். என் அண்ணனுக்கு வைத்தது ஒரே மாதத்தில் ஆடிக் கழன்றுவிட்டது. எலும்பு சூடானதுதான் காரணம் என்றார்கள். எனக்கும் அப்படி ஆகுமா?

பதில்: உங்கள் டாக்டர் நிதானம் என்று சொன்னதே எனக்கு நம்பிக்கை தருகிறது. இம்ப்ளாண்ட் என்பது செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் ஸ்க்ரூ. அதைக் கடைசிவரை தாங்கி நிற்பது ஸ்க்ரூவின் இறுக்கம் இல்லை. அதைச் சுற்றி புதிதாக வளரும் எலும்பு. அது வளர, துளையின் சுவரில் உள்ள செல்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

முயல்களில் செய்த ஆய்வை வைத்து எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் என்ற ஆய்வாளர்கள் 1983-ல் ஓர் எல்லையைச் சொன்னார்கள்: 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும். உடல் சூடு 37. இடையில் இருப்பது பத்தே டிகிரிதான். கெட்டியான எலும்பில் உராய்வு அதிகம், ரத்த ஓட்டமோ குறைவு. அதனால் அங்கே கூடுதல் கவனம் தேவை.

பலரும் டிரில் சுற்றும் வேகத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என் பார்வையில், மழுங்கிய டிரில்லை அழுத்திப் பிடித்து ஒரே மூச்சில் இறக்குவதுதான் அதைவிட ஆபத்து. மெல்லிய டிரில்லில் ஆரம்பித்து படிப்படியாகத் துளையை அகலப்படுத்த வேண்டும். கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, மறுபடி இறக்கினால் எலும்புத் துகள் வெளியேறும், குளிர்ந்த சலைனும் உள்ளே போகும். டிரில் சரியான இடத்தில் இறங்க வழிகாட்டும் அச்சைப் பற்கள்மேல் வைத்துத் துளையிடும்போது அந்த அச்சே சலைனை மறைக்கலாம் என்பதால் அப்போதும் நிதானம் வேண்டும்.

அப்புறம், துளையின் அளவு. மென்மையான எலும்பில் வேண்டுமென்றே சற்றுக் குறுகலாகப் போடுவோம். கெட்டியான எலும்பில் அதே மாதிரி செய்து இம்ப்ளாண்டைத் திணித்தால், நசுங்கிய எலும்பு கரையத் தொடங்கும்.

அண்ணன் விஷயத்தில் சூடு மட்டும்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தொற்று, புகைப்பழக்கம், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, சீக்கிரமே அந்தப் பக்கம் மென்றது என எதுவும் இருக்கலாம். பழைய எலும்பு கரைந்து புதியது வளரும் 2 முதல் 4 வாரங்களில் பிடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தளரும். அந்த நாட்களில் அந்தப் பக்கம் கடிக்காதீர்கள்.

டிரில்லை எத்தனை முறைக்குப் பிறகு மாற்றுகிறீர்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். வைத்த பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, இம்ப்ளாண்ட் ஆடுவதுபோல் தெரிந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.