உலக முடிவில் வெள்ளை மூட்டம் மட்டும் தெரிந்தால்

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் காலை 9 மணிக்கு முன்னரே நிற்க வேண்டும். அதற்கு முதல் நாள் இரவே நுவரெலியாவிலோ ஓகியாவிலோ தங்கிவிடுங்கள்.

கொழும்பிலிருந்து விடிகாலை 4 மணிக்கு வேனில் கிளம்பி, 11 மணிக்கு உலக முடிவை அடைந்தபோது வெள்ளை மூட்டம் மட்டுமே தெரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நேரம்தான் சிக்கல். வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகிவிடும்.

நடைபாதை பிரியும் இடத்தில் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிப் பக்கம் முதலில் திரும்பாதீர்கள். பெலிகுல் ஓயா என்ற ஆறு அங்கே விழுவதை மூட்டத்திலும் பார்க்கலாம், அது திரும்பும் வழிக்கு. முழுச் சுற்றும் 9 கிலோமீற்றர் அளவில் வரும்.

கிளம்பும் முன் வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் நல்ல அறிகுறி.

மழைக்காலத்தில் இதற்கும் உத்தரவாதமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பரவாயில்லை. மூட்டத்தில் விளிம்பு தெரியாது, கீழே 800 மீற்றருக்கு மேல் பள்ளம். பிள்ளைகளின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.