ஆய்வுக்குப் போனால் கை மறந்துவிடுமா?

தம்பி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். முடித்து, இங்கிலாந்தில் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்திருக்கிறீர்கள். மூன்று ஆண்டு பிஎச்.டி.க்குப் போனால் அறுவை அரங்கில் கை பழக்கம் விட்டுப்போகுமா என்று கேட்கிறீர்கள். போகாது. வார இறுதிப் பணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கமும் நிற்கும், வீட்டு வாடகைக்கும் ஆகும்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இங்கே இளையவர்கள் பலர், பேராசிரியர் கையில் மிச்சமிருக்கும் தலைப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஊரில் பார்த்த நோயிலிருந்தே தலைப்பை எடுங்கள். புகையிலை அடக்கிய கன்னத்தில் ஆறாத புண்ணோடு, வாயைத் திறக்க முடியாமல், கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு காசிமேட்டிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்தவர்களைப் பார்த்தவர் நீங்கள். இங்குள்ள உங்கள் சக மருத்துவர்கள் அத்தனை கன்னப் புற்றுநோயைப் பார்த்ததில்லை. அவர்களிடம் அதிகம் வருவது எச்.பி.வி. கிருமியால் வரும் தொண்டைப் புற்றுநோய்.

ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயில், கழுத்தில் எதுவும் தெரியாதபோதே அங்குள்ள நிணநீர்க் கணுக்களை (நோய் பரவக்கூடிய சிறு முடிச்சுகளை) எடுத்துவிடுவதா, பரவினால் எடுக்கலாம் என்று காத்திருப்பதா? உலகமெங்கும் நெடுங்காலம் இழுத்த இந்த விவாதத்துக்கு அழுத்தமான விடை தந்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. அறுவை மருத்துவர் அனில் டிக்ரூஸின் குழு 2015-இல் 500 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. முதலிலேயே கணுக்களை எடுத்தவர்களில் மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். லண்டனிலும் கழுத்தைத் திறப்பதா வேண்டாமா என்று பேசும்போது அந்த ஆய்வைத்தான் எடுத்து வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறையும். நம் நாட்டு வார்டில் படுத்திருந்தவர்கள் தந்த விடை அது.

நடைமுறைக்கு வருகிறேன். இங்குள்ள அறுவை மருத்துவத் தேர்வான எம்.ஆர்.சி.எஸ்.ஸின் இரண்டு பகுதிகளையும் முதலில் முடித்துவிடுங்கள். பிஎச்.டி. மட்டும் இங்கே சிறப்பு அறுவைப் பயிற்சி இடத்தை வாங்கித் தராது. செய்த அறுவை ஒவ்வொன்றையும் அன்றன்றே லாக்புக்கில் ஏற்றுங்கள். உங்கள் விசா மருத்துவமனையின் பெயரில் இருக்கிறது. பல்கலைக்கழக வேலைக்கு மாறினால் அதையும் மாற்ற வேண்டும். நிதி உறுதியான கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய பழைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். ஆய்வேட்டை முடித்தார்களா, கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது என்று விசாரியுங்கள். ஸ்டான்லியோடோ, 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரிக்கும் அடையாறு புற்றுநோய் மையத்தோடோ சேர்ந்து வேலை செய்ய அவர் சம்மதிப்பாரா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். தயங்கினால், அடுத்த பேராசிரியருக்கு எழுதுங்கள்.